பன்னிரண்டாம் தேதி வசூல்

பஸ்ஸில் ஏறுகிறவன் சீட்டைப் பார்ப்பதில்லை. இடம் கிடைத்ததா என்று பார்ப்பான், உட்காருவான், இறங்கிப் போவான். கிழிந்திருந்தால் மட்டும் ஒரு நிமிடம் பார்ப்பான், அதுவும் திட்டுவதற்கு. அந்தச் சீட்டை யாரோ வெட்டி, தைத்து, இழுத்துப் பிடித்து ஆணி அடித்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் தோன்றாது.

டிப்போவின் பின்சுவரை ஒட்டிய தெருவில், கடைசிக்கு முந்தின கட்டடம் ஒரு குஷன் கடை. முன்னால் கடை, பின்னால் இரண்டறை வீடு. நடுவே கதவு இல்லை, பச்சை ரெக்ஸினில் தைத்த திரைதான். வீட்டில் வெங்காயம் வதக்கினால் கடையில் மணக்கும். கடையில் பசை டப்பாவைத் திறந்தால் வீட்டில் தலை சுற்றும். இரண்டுக்கும் எஜமானி ஊசியக்கா.

பெயர் வைத்தது டிரைவர்கள். கையில் எந்நேரமும் வளைந்த ஊசி இருக்கும் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் அவள் வாய். "சீட்டு ரொம்பக் கட்டியா இருக்கே அக்கா" என்று ஒரு டிரைவர் ஒருமுறை வந்து நின்றார். "நீங்க தூங்காம ஓட்டணும்னு உங்க பஸ்ல வர்றவங்கதான் சொல்லிவிட்டாங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்த ஆள் சீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவள் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. புருஷன் பஸ் டிரைவராக இருந்தவர். பன்னிரண்டு வருஷம் ஒரே பஸ், ஒரே சீட். ஒருநாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. முதுகெலும்பில் தட்டு நகர்ந்துவிட்டது, இனிமேல் ஸ்டீயரிங் பிடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி ஒரு மாதச் சம்பளத்தையும் ஒரு பூச்செண்டையும் கொடுத்து அனுப்பினார். ஊசியக்கா பூச்செண்டை வாங்கவில்லை. "அந்தச் சீட்டைக் குடுங்க" என்று கேட்டாள். முதலாளி சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் போட்டு அதைக் கிழித்தாள். உள்ளே மக்கிப்போன நார், மடித்துத் திணித்த சாக்கு, நடுவில் துருப்பிடித்து நிமிர்ந்து நிற்கிற ஒரு ஸ்பிரிங். பன்னிரண்டு வருஷமாகத் தன் புருஷனைக் குத்திக்கொண்டிருந்தது எது என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தாள். அழவில்லை. மறுநாள் ஃபோம் கடைக்குப் போனாள். அதே சீட்டைப் பிரித்து, அடைத்து, தைத்து, அதே முதலாளியிடம் கொண்டுபோய்க் கூலி கேட்டாள். அப்படி ஆரம்பித்த கடை அது. இப்போது அந்த முதலாளியின் பதினொரு பஸ்ஸுக்கும் அவள்தான் சீட் தைக்கிறாள். புருஷன் படுக்கை மாதிரி விரித்த ஃபோமை உட்கார்ந்த இடத்திலிருந்தே அளந்து வெட்டித் தருகிறார். குனிகிற வேலை எல்லாம் அவளுடையது.

கை மிஷினில் ரெக்ஸின் தைத்துத் தைத்து அவள் தோள் போனது. பவர் மிஷின் வாங்கவும், ஒழுகுகிற கூரையை மாற்றவும் ஒரு தனியார் ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் எடுத்தாள். வீட்டுப் பத்திரம் ஈடு. அறுபது மாதத் தவணை. பதினொரு பக்கத்தில் பதினான்கு கையெழுத்து. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது.

"அஞ்சாம் தேதி எங்க கையில காசு இருக்காதே சார். பஸ் முதலாளி பத்தாம் தேதிதான் பில்லு குடுப்பாரு" என்று அப்போதிருந்த மேனேஜரிடம் சொன்னாள்.

வயதான மனுஷர் அவர். பேனாவை மூடிக்கொண்டே, "எங்க வசூல்காரர் உங்க தெருவுக்குப் பன்னெண்டாம் தேதிதாம்மா வருவாரு. அன்னைக்குக் குடுங்க, போதும்" என்றார்.

"பேப்பர்ல அஞ்சுன்னு போட்டிருக்கே?"

"அது எல்லா பேப்பர்லயும் அப்படித்தான் அடிச்சிருக்கும். விடுங்க."

அவளும் விட்டாள். ஏழைக்கு வாய்வார்த்தை போதும், பணக்காரனுக்குப் பேப்பர் போதும். இரண்டும் ஒன்றோடொன்று மோதாதவரை யாருக்கும் எதுவும் தெரிவதில்லை.

வசூல்காரர் ஒவ்வொரு பன்னிரண்டாம் தேதியும் வந்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸ், வாலை இழந்த கிழட்டுப் பல்லி மாதிரி பின்விளக்கு இல்லாத ஒரு ஸ்கூட்டர். பாதி தைத்த சீட் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். "தங்கச்சி, இந்தச் சீட்டுல உக்காந்தா எழுந்திருக்கவே மனசு வரல. கம்பெனிக்கு எடுத்துட்டுப் போயிடட்டுமா?" என்பார். பணத்தை இரண்டு தடவை எண்ணுவார். கார்பன் தாள் வைத்து ரசீது எழுதுவார். மேல்தாள் அவளுக்கு, அடித்தாள் கம்பெனிக்கு.

இங்கேதான் நாத்தனார் வருகிறாள்.

எதிர்வீட்டில் இருந்த அந்த நாத்தனாருக்குத் தினமும் சாயங்காலம் ஒருமுறை அண்ணன் வீட்டைச் சுற்றிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. மிஷினுக்கு மேலே ஆணியில் குத்தி வைத்திருந்த ரசீதுகளை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தாள். இரண்டாவது மாதமே ஆரம்பித்துவிட்டாள்.

"அஞ்சாம் தேதி கட்ட வேண்டியத பன்னெண்டாம் தேதி கட்டியிருக்க. எங்க அண்ணன் வண்டிய ஒருநாள், ஒரே ஒருநாள் லேட்டா எடுத்திருப்பாரா? அவரு பேர்ல இப்படி ஒரு கெட்ட பேரா?"

ஊசிக்கே ஊசி ஏற்றுகிறவள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அது இவள். அடுத்த மாதம் வசூல்காரரிடம் ஊசியக்கா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அண்ணே, ரசீதுல அஞ்சுன்னு போட்டுக் குடுங்களேன். என் நாத்தனார் வாயில விழ முடியல."

"கம்பெனி காப்பியில போட முடியாதும்மா."

"அதுல என்னவோ போட்டுக்கோங்க. இது ஆணியில தொங்கப் போறதுதானே."

அவர் சிரித்தார். அவர் வீட்டிலும் ஒரு நாத்தனார் உண்டு. மேல்தாளில் மட்டும் தேதியை 5 என்று எழுதினார், பிறகு கார்பனைச் செருகி மற்றதையெல்லாம் எழுதினார், கடைசியில் அடித்தாளில் 12 என்று போட்டார். தொகையில் ஒரு காசு மாற்றமில்லை. நாத்தனார் சாயங்காலம் வந்து படித்தாள், தலையை ஆட்டினாள், "இப்பத்தான் ஒழுங்கா இருக்கு" என்று போனாள். இப்படி முப்பத்தொன்பது மாதம் ஓடியது.

நாற்பத்தோராவது தவணைக்குப் பிறகு கம்பெனி கைமாறியது. புது மேனேஜர் வந்தார். முப்பது வயது, முழுக்கைச் சட்டை, மேஜையில் ஒரு தூசி கிடையாது. எந்தெந்தக் கடனை முறித்து, ஈடு வைத்த சொத்தை விற்றால் லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. டிப்போவை ஒட்டிய இடத்துக்கு விலை ஏறியிருந்தது. ஊசியக்காவின் பெயர் பட்டியலின் தலையில் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கடிதம் வந்தது. நாற்பத்தொரு தவணையும் தாமதம். ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவின்படி மூன்று தவணை தாமதமானாலே மீதிக் கடன் முழுவதும் ஒரே அடியாகக் கட்ட வேண்டும். தாமத அபராதம், அபராதத்தின் மேல் வட்டி, வட்டியின் மேல் வட்டி. இருபத்தொரு நாளில் கட்டாவிட்டால் வீடும் கடையும் ஏலத்துக்குப் போகும்.

புருஷன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் வெளிறினார். பிறகு ஆணியைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது.

"பைத்தியக்காரப் பசங்க! ரசீது அவங்க ஆளு எழுதினதுதானே? முதல் ரெண்டை விட்டா அத்தனையிலயும் அஞ்சுன்னு இருக்கு. கோர்ட்டுல தூக்கிப் போட்டா முடிஞ்சது."

நாத்தனார் அதற்குள் வாசலில். "நானே வந்து சாட்சி சொல்றேன் அண்ணே. மாசாமாசம் என் கண்ணால படிச்சிருக்கேன். அஞ்சாம் தேதிதான்."

ஊசியக்காவுக்கு அன்றைக்கு வாய் எழவில்லை. அவள் பேசாமல் இருந்ததை இருவரும் பயம் என்று நினைத்தார்கள்.

ஃபோட்டோகாப்பிக் கடைக்கு மேலே இருந்த இலவசச் சட்ட உதவி அறையில் ஒரு வக்கீலம்மா கிடைத்தாள். ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டு, நாலாவது ஆளின் பேப்பரைப் படிக்கிற ரகம். ரசீதுக் கட்டைப் புரட்டினாள், முகம் மலர்ந்தது. "ரசீதே இருக்கா? அப்புறம் என்ன? அவங்க கணக்கு தப்புன்னு சொல்லிடலாம். வியாழக்கிழமை வாங்க, பிரமாணப் பத்திரம் டைப் பண்ணி வைக்கிறேன். கையெழுத்துப் போட்டா போதும்."

புதன்கிழமை மத்தியானம் வசூல்காரர் வந்தார். பன்னிரண்டாம் தேதி இல்லை. ஸ்கூட்டரும் இல்லை, நடந்து வந்தார். எப்போதும் உட்காருகிற மாதிரி சீட்டில் உட்காரவில்லை, சுவரோரம் நின்றார்.

"என்னை வேலையிலேர்ந்து நிறுத்தி வச்சிருக்காங்க, தங்கச்சி. விசாரணையாம். கம்பெனி காப்பியில பன்னெண்டு இருக்கு. உன்கிட்ட இருக்கிறதுல அஞ்சு இருக்குன்னு காதுக்கு எட்டியிருக்கு."

"எப்படி எட்டுச்சு?"

"உன் நாத்தனார் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு சத்தம் போட்டாங்களாமே. 'அஞ்சுன்னு ரசீது வச்சிருக்கோம், உங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடுவோம்'னு."

ஊசியக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"கேளு" என்றார் அவர். "நீ அஞ்சாம் தேதி குடுத்தேன்னு சத்தியம் பண்ணினா, நான் அஞ்சாம் தேதி வாங்கி பன்னெண்டாம் தேதி கட்டினவன். மாசம் ஏழு நாள் உன் பணத்தை என் பையில வச்சு ஓட்டினவன். அதுக்கு என்ன பேருன்னு உனக்குத் தெரியும். சொல்லாதேன்னு சொல்ல வரல. உனக்கு வீடு. தெரிஞ்சு செய்யணும் இல்லையா, அதுக்குத்தான் வந்தேன்."

தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் போனார்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, ரசீது எழுதிய கதையையும் வசூல்காரர் சொன்னதையும் புருஷனிடம் உடைத்தாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"வீடா, அந்த ஆளா? அதை முதல்ல சொல்லு."

"திருட்டுப் பட்டம் கட்டிட்டு அந்த வீட்டுல எப்படிங்க படுக்கிறது?"

"தெருவுல எப்படிப் படுக்கிறதுன்னு யோசிச்சியா? என் முதுகக் குடுத்து வாங்கின இடம் இது! நீ ஒரு ரசீதுக்காகப் பொய் சொல்லலாம், வீட்டுக்காகச் சொல்லக் கூடாதா?"

சரியான கேள்விதான். அவர் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு வலி உள்ளவர் திரும்பிப் படுப்பதென்றால் எவ்வளவு கோபம் என்பது கட்டினவளுக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை. டைப் செய்த மூன்று தாள். வக்கீலம்மா பேனாவை நீட்டினாள். ஊசியக்கா வாங்கினாள், திருப்பி மேஜையில் வைத்தாள்.

"இது பொய்ம்மா."

"எது?"

"அஞ்சாம் தேதிங்கிறது. நான் ஒரு தடவைகூட அஞ்சாம் தேதி கட்டினதில்ல. எல்லாம் பன்னெண்டு. ரசீது... என் நாத்தனாருக்காக எழுதச் சொன்னது."

வக்கீலம்மாவுக்கு முதலில் புரியவில்லை. முழுக் கதையும் கேட்டபிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் போட்டாள்.

"நாத்தனாருக்காகவா! நாளைக்கு நான் இதை ஜட்ஜ் முன்னாடி நீட்டி, அவங்க கம்பெனி காப்பியை எடுத்து நீட்டியிருந்தா உங்க வீடு மட்டுமில்ல, என் கோட்டும் போயிருக்கும். தெரியுமா?"

"தெரியும். வீடு போனாப் போகட்டும்னுதான் சொல்லிட்டேன்."

"இருங்க, இருங்க. வீடு போகும்னு யாரு சொன்னா? பன்னெண்டாம் தேதி யாரு வந்தது? நீங்க போனீங்களா, அவங்க வந்தாங்களா?"

"அவங்கதான் வந்தாங்க."

"நாப்பத்தொரு மாசமும்? ஏன் லேட்டுன்னு ஒரு கடுதாசி?"

"ஒண்ணும் வந்ததில்ல. பெரிய மேனேஜரே அப்படித்தான் குடுக்கச் சொன்னாரு."

வக்கீலம்மா டைப் செய்த தாளைக் குறுக்கே கிழித்தாள். "அக்கா, உங்க கேஸே இதுதான். நல்ல கேஸைத் தூக்கி ஒரு பொய்க்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கீங்க."

பிறகு அவள் விளக்கியது இது. ஒரு டிரைவர், ஸ்டாப் இல்லாத ஒரு மூலையில் மூன்று வருஷமாகத் தினமும் நிறுத்தி ஆள் ஏற்றுகிறார். சனங்களும் அதை நம்பி அங்கேயே நிற்கிறார்கள். நாளையிலிருந்து நிறுத்தமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, ஆனால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு, மூன்று வருஷமாக ஸ்டாப் இல்லாத இடத்தில் ஏறியதற்கு எல்லாருக்கும் அபராதம் போடு என்றால்?

"அடிப்பாங்க" என்றாள் ஊசியக்கா.

"கோர்ட்டுல அடிக்க மாட்டாங்க. ஆனா 'போய்யா'ன்னு சொல்லுவாங்க. பேப்பர்ல என்ன இருக்குன்னு பாக்கிறது சட்டம். அந்தப் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு நீ எப்படி நடந்துகிட்டேன்னு பாக்கிறதும் சட்டம்தான். நியாயத்தோட பக்கம் அது. ஆனா ஒண்ணு. நியாயம் கேட்டு வர்றவங்க கையும் சுத்தமா இருக்கணும். ரசீது விஷயத்தை நாமே முதல்ல சொல்லணும். அவங்க சொல்லி நாம மாட்டினா எல்லாம் போச்சு."

"வசூல்காரர் அண்ணன்?"

"அவரும் வந்து உண்மையச் சொல்லணும். வருவாரா?"

வந்தார். ஏலத்தை நிறுத்தக் கேட்டுப் போட்ட மனு விசாரணைக்கு வந்த அன்றைக்கு, துவைத்து மடித்த சட்டை போட்டு, எல்லாருக்கும் முன்னால் வந்து கோர்ட் வராந்தாவில் நின்றிருந்தார்.

கோர்ட் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கூடம் சின்னது, மின்விசிறி மூன்றில் இரண்டுதான் சுற்றியது. ஊசியக்கா போனதும் பார்த்தது சாட்சி உட்காருகிற பெஞ்சை. ரெக்ஸின் பிளந்து ஃபோம் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. பயத்தை மறக்க, அதற்கு எவ்வளவு துணி பிடிக்கும் என்று மனசுக்குள் அளந்துகொண்டிருந்தாள். புருஷன் இரண்டு வரிசை பின்னால், சுவரில் சாய்ந்து. அவளிடம் அவர் பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பக்கத்தில் நாத்தனார். சாட்சிப் பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

கம்பெனி வக்கீல் எழுந்தார். ஒப்பந்தம், ஒன்பதாவது பிரிவு, கையெழுத்து. பிறகு ரசீதுக் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இவங்களே ஒத்துக்கிறாங்க, தேதி பொய்யின்னு. முப்பத்தொன்பது பொய் ரசீதை வீட்டுல மாட்டி வச்சிருந்தவங்க இங்க வந்து நியாயம் கேக்கிறாங்க. என்ன யோக்யதை?"

நீதிபதி, அறுபதை நெருங்கிய ஒரு அம்மாள், ஊசியக்காவைப் பார்த்தார். "இந்தத் தேதி எதுக்காகப் போட்டீங்க? யாரை ஏமாத்த?"

"என் நாத்தனாரைங்க அம்மா."

கூடத்தில் சிரிப்பு. பின்வரிசையில் மட்டும் ஒருத்தி சிரிக்கவில்லை.

"கம்பெனிக்கு இதைக் காட்டினீங்களா?"

"இல்லீங்க. அவங்களுக்கு எப்பக் குடுத்தேன்னு அவங்களுக்கே தெரியுமே. வாங்கினவங்க அவங்கதானே."

வசூல்காரர் கூண்டில் ஏறினார். "ஆமாங்க, நான்தான் எழுதினேன். தேதியத்தான் மாத்தினேன். தொகைய மாத்தல. எந்த மாசமும் பணம் என் வீட்டுல ஒரு ராத்திரி தங்கினதில்ல" என்றார். இருபத்தாறு வருஷம் அடுத்தவர் பணத்தைச் சுமந்தவன் நாலு பேர் முன்னால் தன் பையை உதறிக் காட்டுவது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து மேனேஜர். தாமதத்தை நிரூபிக்க, கம்பெனியின் வசூல் நோட்டையே அட்டைப் பெட்டியில் கொண்டு வந்திருந்தார். எந்தத் தெருவுக்கு எந்தத் தேதியில் ஆள் போக வேண்டும் என்று வருஷ ஆரம்பத்திலேயே எழுதி, தலைமை ஆபீஸ் முத்திரை வாங்கி, வசூலான பணத்தையும் அதிலேயே பதிகிற நோட்டு. "பாருங்க, ஒவ்வொரு மாசமும் பன்னெண்டு" என்று பெருமையாக நீட்டினார்.

நீதிபதி பக்கங்களைத் திருப்பினார். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால்.

"இந்தத் தெருவுக்குப் பன்னெண்டாம் தேதின்னு எழுதினது யாரு?"

"ஆபீஸ்லதான், மேடம்."

"முத்திரை?"

"தலைமை ஆபீஸ் முத்திரை."

"அஞ்சாம் தேதி இந்தத் தெருவுக்கு யாராவது போனாங்களா?"

மேனேஜர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சாம் தேதி பணம் வேணும்னா அன்னைக்கு ஆள் அனுப்பியிருக்கணும். இல்ல, ஒரு வரி எழுதியிருக்கணும். ரெண்டும் இல்ல. நீங்களே தேதி குறிச்சு, நீங்களே ஆள் அனுப்பி, நீங்களே வாங்கி, மூணு வருஷம் கழிச்சு அதையே குத்தம்னு சொல்றீங்க. இந்தப் பேப்பர்ல உங்களுக்கு உரிமை இருக்கு, இல்லேன்னு சொல்லல. நீங்களே அதை மடிச்சு உள்ள வச்சுட்டீங்க. திடீர்னு விரிச்சு ஒருத்தர் வீட்டு மேல போட முடியாது." அபராதக் கணக்கைத் தட்டினார். "ஏழு நாள் தாமதத்துக்கு உங்களுக்கு என்ன நஷ்டமோ அதை வாங்குங்க. இது நஷ்டமில்ல, தண்டனை. தண்டனை குடுக்கிற வேலைய எனக்கு விட்டுடுங்க."

தீர்ப்பு இரண்டு வாரம் கழித்து வந்தது. வீட்டை ஏலம் விடக் கூடாது. தவணை பழையபடி தொடரும். நாற்பத்தொரு மாதத்துக்கும் மாதம் ஏழு நாள் சாதாரண வட்டியை ஊசியக்கா கட்ட வேண்டும். நியாயம் கேட்கிறவர் நியாயம் செய்யவும் வேண்டும் என்று அதற்குக் காரணம் எழுதியிருந்தது. எழுத்தில் மூன்று மாத அவகாசம் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு கம்பெனி ஐந்தாம் தேதியையே கறாராகக் கேட்கலாம். ரசீதில் தேதி மாற்றியது தவறு, ஆனால் அதனால் கம்பெனிக்கு ஒரு காசும் குறையவில்லை என்றும் ஒரு வரி.

கோர்ட் ஏழைகளின் தோழன் என்று யாரும் இதை வைத்துப் பாட்டு கட்ட வேண்டாம். வக்கீலம்மா கிடைக்காத எத்தனையோ ஊசியக்காக்கள் இருபத்தொன்றாம் நாள் மூட்டை கட்டியிருக்கிறார்கள். வசூல்காரரைக் கம்பெனி திரும்ப எடுக்கவுமில்லை. அந்த ஒரு வரியை வைத்து, விசாரணையில் எழுப்பிய திருட்டுப் புகாரை மட்டும் கைவிட்டு, சேர வேண்டிய பணத்தை ஆறு மாதம் இழுத்துக் கொடுத்தது. அவருக்கும் ஒரு கேஸ் போட்டிருக்க வேண்டும். "போதும் தங்கச்சி, என் பேர் தப்பிச்சிடுச்சு" என்று விட்டுவிட்டார்.

விசாரணை நடந்த அன்றைக்கே கோர்ட் வாசலில் நாத்தனார் வழி மறித்தாள். "அப்போ நான் மூணு வருஷமா படிச்சதெல்லாம் பொய்யா?"

"உங்களுக்காகத்தான் ஸ்பெஷலா எழுதி வாங்கினது."

"உனக்கு என் மேல அவ்வளவு பயமா?" என்று கேட்டாள் நாத்தனார். கோபப்பட வந்தவள், பாதி வழியில் சந்தோஷப்பட்டுவிட்டாள்.

புருஷன் வீடு வந்துதான் வாயைத் திறந்தார். திரையை விலக்கி உள்ளே போகும்போது, "அந்த மனுஷன் கூண்டுல ஏறினப்ப கால் நடுங்கிச்சு, பாத்தியா?" என்றார். ஃபோம் அளக்கிற கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் வீட்டத்தான் பாத்தேன்" என்றார். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். அவள் எடுத்துக்கொண்டாள்.

தீர்ப்பு வந்த மறுவாரமே கம்பெனியின் நோட்டீஸ் வந்துவிட்டது. மூன்று மாதம், அதற்கு மேல் ஐந்தாம் தேதி. சுவரில் ஒட்டிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு ஊசியக்கா உட்கார்ந்திருந்தாள். வீடு இன்றைக்குத் தப்பித்தது. நாலாவது மாதம் ஐந்தாம் தேதி கையில் பணம் இல்லையென்றால், இந்தத் தடவை எந்த நீதிபதியும் கேட்கமாட்டார். இத்தனைக்கும் மூலம் எது? பஸ் முதலாளி பத்தாம் தேதி பில் கொடுக்கிறார், அதுதான். பதினொரு வருஷமாக அதை யாரும் கேட்டதில்லை.

ஒரு தாளில் தன் கையால் எழுதினாள். புருஷன் எழுத்துப் பிழை பார்த்தார். எடுத்துக்கொண்டு முதலாளியின் ஆபீசுக்குப் போனாள்.

முதலாளி படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன ஊசி இது? 'மாதம் மூன்றாம் தேதிக்குள்'னா? எப்பவும் பத்துதானே? பழக்கத்த மாத்த முடியுமா?"

"மாத்தலாம் சார். முன்கூட்டிச் சொல்லணும், அவ்வளவுதான். கோர்ட்டுலயே கேட்டுட்டு வந்திருக்கேன்."

"மாத்தலேன்னா?"

"நாலாவது மாசத்துலேர்ந்து உங்க சீட்டுங்க என் கடையிலேயே இருக்கும். நீங்க பணம் குடுக்கிற அன்னைக்குத் தருவேன். நின்னுக்கிட்டே வண்டி ஓட்டுற டிரைவர் கிடைச்சா ஓட்டிக்கோங்க."

"மிரட்டுறியா?"

"இல்ல சார், நோட்டீஸ். மூணு மாசம் டைம் போட்டிருக்கேன் பாருங்க. எனக்கு அவ்வளவுதான் குடுத்தாங்க."

முதலாளி தாளை இன்னொரு முறை படித்தார். வெளியே டிப்போவில் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"குஷன் பில்லு மூணாம் தேதி" என்றார், அவளைப் பார்க்காமல்.

"எழுதிக் குடுங்க" என்றாள் ஊசியக்கா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.